பனியாற்றுக்குப் போகாமல் திரும்பிய கப்பல்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவை மட்டும் எடுத்துக்கொண்டாலும், பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் வீடுகள் பல உண்டு. சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் பெற்றோர் விமானம் ஏறுவதும், ஆடி ஆவணியில் திரும்பி வருவதும் இங்கே வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் சியாட்டில் பக்கம் இருந்துவிட்டால், அந்தப் பயணத்தோடு அலாஸ்கா கப்பலும் சேர்ந்துகொள்கிறது. கோடை முழுவதும் சியாட்டிலிலிருந்து பெரிய பயணக் கப்பல்கள் புறப்பட்டு, ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் போன்ற ஊர்களைத் தொட்டு, நடுவில் ஒரு நாளைப் பனியாறு (மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனித்திரள்) பார்ப்பதற்கென்றே ஒதுக்கி, ஒரு வாரத்தில் திரும்பி வருகின்றன. விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது அந்தப் பனியாற்றின் படம்தான். இரண்டு மலைகளுக்கு நடுவே பனி செங்குத்தாக நீல நிறத்தில் எழுந்து நிற்க, அதன் எதிரில் வெள்ளைக் கப்பல் ஒன்று மிதந்துகொண்டிருக்கும்.

ஜூன் மாதத்தில் மகள், மருமகன், பேரனோடு நானும் என் மனைவியும் அப்படியொரு கப்பலில் போனோம். பனியாற்றைக் கப்பலிலிருந்து பார்க்கவில்லை. பாதி வழியிலேயே கப்பல் திரும்பிவிட்டது. மற்றபடி குறை சொல்ல முடியாத பயணம் அது. ஆனால் ஊருக்கு வந்தபின் விசாரித்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது பனியாற்றைப் பற்றித்தான். அவர்களில் சிலர் வரும் கோடையில் போகவும் இருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் அவர்கள் தெரிந்துகொண்டால் நல்லது என்று எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கப்பல் போக வேண்டிய இடத்தின் பெயர் எண்டிகாட் ஆர்ம். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்குத் தெற்கே 70, 80 கிலோமீட்டர் தொலைவில் ஹோல்காம் விரிகுடா இருக்கிறது. அங்கிருந்து கடல் இரண்டு கிளைகளாகப் பிரிந்து மலைகளுக்குள் நீண்டு செல்கிறது. ஒரு கிளை டிரேசி ஆர்ம். அதன் கோடியில் சாயர் பனியாறுகள் இருக்கின்றன. மற்றொன்று எண்டிகாட் ஆர்ம். அதன் கோடியில் டாஸ் பனியாறு இருக்கிறது. ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் குறுகிய நீர்வழியைப் பனியாறுகளே பல்லாயிரம் ஆண்டுகளாக மலையை அரைத்து உண்டாக்கின. பனி பின்வாங்கிய இடத்தில் கடல் புகுந்துகொண்டது. இதைத்தான் ஃபியார்டு என்கிறார்கள்.

முன்பு பல கப்பல்கள் டிரேசி ஆர்முக்குள் போய்க்கொண்டிருந்தன. 2025 ஆகஸ்ட் 10 அன்று அதிகாலையில் தெற்குச் சாயர் பனியாற்றின் அருகே மலைச்சரிவு ஏற்பட்டு, அதனால் எழுந்த பேரலை எதிர்ப்புற மலையில் பல நூறு மீட்டர் உயரம் வரை ஏறி, மரங்களை வழித்துக்கொண்டு போனது. நல்லவேளையாக அந்நேரத்தில் பெரிய கப்பல் எதுவும் உள்ளே இருக்கவில்லை. அதன் பிறகு பல நிறுவனங்கள் எண்டிகாட் ஆர்முக்கு மாறியிருக்கின்றன. இந்த நீர்வழிகள் எவ்வளவு அமைதியாகத் தோன்றினாலும் அங்கே எதுவும் நிலையாக நிற்பதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். எண்டிகாட் ஆர்மிலிருந்து பிரியும் ஒரு சிறு கிளைக்கு ஃபோர்டு என்ற கடற்படை ஆளின் பெயர் வழங்குகிறது. 1889இல் படகில் உள்ளே போன அவர், ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், மாறும்போது வாயிலில் எழுந்த சுழல்நீரில் மாட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் வெளியே வர முடியாமல் தவித்தாராம்.

ஜூனில் அங்கே நான்கு மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிறது. என் மனைவி அதற்கும் முன்பே எழுந்து, குளிருக்கென்று மகள் வாங்கிக் கொடுத்திருந்தவற்றையெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்துவிட்டார். நான் மேல்தளத்துக்குப் போனபோது முன்பக்கத்துக் கம்பி ஓரம் முழுவதும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இருபுறமும் மலைகள் இருப்பது அடிவாரத்தில் மட்டுமே தெரிந்தது. அதற்கு மேலே மூடுபனி. அந்த மூடுபனிக்குள்ளிருந்து அங்கங்கே அருவிகள் மட்டும் வெள்ளைக் கோடுகளாக இறங்கி வந்து கடலில் விழுந்தன. அவை எங்கே தொடங்குகின்றன என்பது தெரியவில்லை.

முதலில் பனிக்கட்டிகள் ஒன்றிரண்டாகத்தான் வந்தன. பிறகு அவை நெருங்கி வரத் தொடங்கின. கப்பலின் வேகம் குறைந்தது. காலடியில் எப்போதும் உணர்ந்துகொண்டிருந்த எந்திர அதிர்வு மெல்ல அடங்கியது. ஒரு பெரிய கட்டி எங்கள் பக்கமாக, கப்பலிலிருந்து சிறிது தள்ளி நகர்ந்து போனதை நன்றாகப் பார்க்க முடிந்தது. மேற்புறம் அழுக்கு வெள்ளை. தண்ணீரை ஒட்டிய பகுதி அலையால் அரிக்கப்பட்டு உள்வாங்கி, கண்ணாடி போலத் தெளிந்த நீலம். நடுவே ஒரு கருநிறப் பட்டை குறுக்காக ஓடியது. மலையிலிருந்து பனி அரைத்துக்கொண்டு வந்த கல்லும் மணலும்தான் அது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அந்தக் கட்டியின் மீது நீர்நாய் ஒன்று படுத்திருப்பதாகப் பேரன் கத்தினான். பைனாகுலரில் பார்த்தபோது அது கடல்நாய். அதன் வயிற்றோரம் ஒரு குட்டியும் ஒட்டிக்கொண்டு கிடந்தது. தாய் ஒருமுறை தலையைத் தூக்கிக் கப்பலைப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டது.

சிறிது நேரத்தில் கேப்டனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. முன்னால் கரையிலிருந்து கரை வரை பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டிருப்பதாகவும், மூடுபனியால் பார்வைத் தூரம் குறைந்துவிட்டதாகவும், இதற்கு மேல் செல்வது பாதுகாப்பல்ல என்று, கப்பலுக்கு வழிகாட்டும் உள்ளூர் மாலுமியான பைலட்டும் தானும் முடிவு செய்திருப்பதாகவும் அவர் சொன்னார். வருத்தம் தெரிவித்தார்; ஆனால் குரலில் தயக்கம் இல்லை. அதன் பிறகு, ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் நின்ற இடத்திலேயே திரும்பத் தொடங்கியது. பக்கவாட்டு விசிறிகள் கலக்கிய இடத்தில் தண்ணீர் பச்சையும் சாம்பலுமாகப் பொங்கியது. முன்னால் இருந்த மலை மெதுவாகப் பக்கத்துக்கு வந்து, பின்பு பின்னால் போயிற்று. திரும்புவதற்கு இடம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும் என்பதன் பொருள் அந்தக் காட்சியைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. வழி இன்னும் குறுகும் இடத்தில், பனிக்கட்டிகளுக்கு நடுவே, இவ்வளவு பெரிய உருவத்தை எப்படித் திருப்புவது?

கப்பலில் எங்களுக்கு அறிமுகமாகியிருந்த அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி ஒருவர் குரங்குத் தொப்பியோடு என் பக்கத்தில் நின்றிருந்தார். மகன் வீட்டுக்கு வந்தவர். சுற்றிலும் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் சிரித்தார். "குத்தாலத்துல தண்ணி சாஸ்தின்னா கயித்தக் கட்டிக் குளிக்க விடாம நிறுத்திருவாவல்லா, அதே கததான் இங்கயும். அருவிகிட்ட போயி சண்டையா போட முடியும்?" என்றார். சாரல் காலத்தில் மெயின் அருவிக்கு வண்டி பிடித்துப் போய், போலீஸ்காரர் நிறுத்திய இடத்திலிருந்து அருவியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிய அனுபவம் நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பக்குவம் கப்பலில் எல்லோருக்கும் இல்லை. விருந்தினர் சேவை மேசையின் முன்னால் அன்று நண்பகல் வரை வரிசை நீண்டிருந்தது.

இவ்வளவு பெரிய கப்பல் பனிக்கட்டியைத் தள்ளிக்கொண்டு போகாதா என்று பேரன் கேட்டான். பெரியவர்கள் சிலரும் அதையே வேறு சொற்களில் கேட்டார்கள். பனியை உடைத்துச் செல்லும் கப்பல்களின் கட்டுமானமே வேறு. பயணக் கப்பல்களின் அடித்தகடும் விசிறியும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மிதக்கும் பனிக்கட்டியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் இருக்கிறது. பெரிய கட்டிகள் ரேடாரில் தெரிந்துவிடும். நீர்மட்டத்தோடு மட்டமாக மிதக்கும் சிறிய கட்டிகளே ஆபத்தானவை. அலையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் அவை ரேடாருக்கும் தப்பும், கண்ணுக்கும் தப்பும். 2022 ஜூனில் ஹப்பர்டு பனியாற்றை நோக்கிச் சென்ற ஒரு பெரிய பயணக் கப்பல் மூடுபனியில் இத்தகைய கட்டி ஒன்றில் மோதிச் சேதமடைந்து, பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு சியாட்டிலுக்குத் திரும்ப நேர்ந்தது. அலாஸ்காக் கடலில் இன்னும் பெரிய எச்சரிக்கையும் ஒன்று உண்டு. 1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல், கொலம்பியா பனியாற்றிலிருந்து மிதந்து வந்த பனிக்கட்டிகளைத் தவிர்ப்பதற்காக வழக்கமான தடத்தை விட்டு விலகியது. பிறகு உரிய நேரத்தில் தடத்துக்குத் திரும்பாமல் பாறைத் திட்டில் ஏறிவிட்டது. கோடிக்கணக்கான லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. இதையெல்லாம் அறிந்த பைலட் ஒருவர் கேப்டனின் பக்கத்திலேயே நிற்கிறார். தென்கிழக்கு அலாஸ்கா நீர்வழிகளில் வெளிநாட்டுக் கொடி தாங்கிய கப்பல்கள் மாநில உரிமம் பெற்ற உள்ளூர் பைலட் இல்லாமல் செல்ல முடியாது.

பனிக்கட்டி எவ்வளவு இருக்கும் என்பதை முந்தைய நாளே சொல்லிவிட முடியாது. பனியாற்றின் முகப்பு எப்போது உடைந்து விழுகிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, ஓதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பவற்றைப் பொறுத்து அது மணிக்கணக்கில் மாறுகிறது. காலையில் அடைத்துக் கிடந்த வழி மாலையில் திறந்திருக்கலாம். அது மட்டுமல்லாமல், மே கடைசியிலிருந்து ஜூலை வரை கடல்நாய்கள் அந்த மிதக்கும் பனியின் மேல்தான் குட்டி போட்டு வளர்க்கின்றன. பனி நெருக்கமாக உள்ள இடத்தில் அவற்றைக் கலைக்காமல் கப்பல் போவதும் கடினம்.

இனிப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேவை மேசையில் நின்றவர்களில் பலர், பனியாற்றைக் காட்டவில்லை என்பதால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படி கேட்டார்கள். கிடைக்கவில்லை. பயணச்சீட்டோடு வரும் நீண்ட ஒப்பந்தத்தில், வானிலை முதலிய காரணங்களால் பயணத் திட்டத்தை மாற்றும் உரிமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு என்று எழுதியிருக்கிறது. அநேகமாக எல்லா நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும் இது இருக்கும். ஒரு துறைமுகத்துக்குப் போகாமல் விட்டால், அங்கே செலுத்த வேண்டியிருந்த துறைமுகக் கட்டணம் திரும்பி வருவதுண்டு. பனியாறு துறைமுகம் அல்ல. கப்பல் அங்கே நிற்பதும் இல்லை, கட்டணம் செலுத்துவதும் இல்லை. ஆகவே திருப்பித் தருவதற்கும் எதுவும் இல்லை. ஆனால் கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாறிப் பனியாற்றின் அருகே போவதற்கென்று தனியாகப் பணம் கட்டி, அந்தப் படகுப் பயணம் ரத்தானவர்களுக்கு முழுத் தொகையும் கணக்கில் வந்துவிட்டது. காரணம், அவர்கள் அதைக் கப்பல் மூலமாகவே பதிவு செய்திருந்தார்கள். வெளியாரிடம் நேரடியாகப் பதிவு செய்தால் விலை குறையலாம். அப்போது ரத்து விதியை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். பயணக் காப்பீட்டையும் நம்பியிருக்க வேண்டாம். எங்கள் காப்பீடு மருத்துவச் செலவுக்கும் பயணம் ரத்தாவதற்கும்தான். ஒரு காட்சி காணக் கிடைக்காமல் போனதற்கு அதில் இடமே இல்லை.

எங்களுக்குப் பனியாறே இல்லாமல் போய்விடவில்லை. மகள் முன்யோசனையாக மறுநாள் ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் பேருந்து பதிவு செய்து வைத்திருந்தாள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் இதை வைத்துக்கொள்ளலாம். ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை வழியே கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் வர முடியும். ஆனால் ஊருக்குள் சாலை உண்டு. கப்பல் துறையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் மெண்டன்ஹால் பனியாறு இருக்கிறது. கடலில் பனிக்கட்டி அடைத்திருந்தாலும் பேருந்து போகும். 1962இல் கட்டப்பட்ட பார்வையாளர் மையத்தின் பெரிய கண்ணாடிச் சன்னல்கள் வழியாக ஏரியையும், அதன் மறுகரையில் மலைகளுக்கு நடுவே வளைந்து இறங்கும் பனியையும், உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். முழங்கால் வலி உள்ள என் மனைவிக்கு அது பெரிய உதவியாக இருந்தது. நாங்கள் மற்றவர்கள் ஏரிக்கரைப் பாதையில் நகெட் அருவி வரை நடந்தோம். போக ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும், சமதளமான பாதை. தூறல் விடவே இல்லை. அருவியின் அடியில் நின்றால் சாரல் எது, மழை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

படத்தில் பார்த்த கடற்பனியாற்றின் கம்பீரம் இதற்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1929க்குப் பின் இது இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது. பார்வையாளர் மையம் கட்டப்பட்ட காலத்தில் பனி எங்கே இருந்தது என்பதைக் காட்டும் பழைய படங்களை உள்ளே வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சன்னல் வழியே வெளியே பார்ப்பது இதமான அனுபவம் அல்ல. போகிறவர்கள் தள்ளிப் போடாமல் போவது நல்லது. பேருந்து இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன. கப்பலில் ஏறிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களில் சிலருக்குக் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இந்தப் பனியாற்றின் பக்கத்துப் பள்ளம் ஒன்றில் தேங்கும் நீர், 2011 முதல் கோடையில் திடீரென்று உடைத்துக்கொண்டு ஏரிக்கு வருகிறது. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆகஸ்டில் ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய நாட்களில் ஏரிக்கரைப் பகுதியை மூடிவிடுவார்கள்.

கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போதே எந்தப் பனியாறு என்று கேட்பதும் அவசியம். 'பனியாற்றுக் காட்சி' என்று பொதுவாக எழுதியிருந்தால் அது எண்டிகாட் ஆர்மாக இருக்கலாம், ஹப்பர்டாக இருக்கலாம், கிளேசியர் பே தேசியப் பூங்காவாகவும் இருக்கலாம். ஹப்பர்டு மிகப் பெரியது. 120 கிலோமீட்டருக்கு மேல் நீளமும், கடல் முகப்பில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமும் உடையது. அதன் முன்னால் உள்ள விரிகுடா அகலமானது என்றாலும், பனி அங்கேயும் வழியை அடைப்பதுண்டு. 1791இல் அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் வடக்கே இணைக்கும் வடமேற்குக் கடல்வழியைத் தேடி அங்கே வந்த மலாஸ்பினா என்ற ஸ்பானியக் கப்பற்படைத் தலைவரும் பனியைத் தாண்ட முடியாமல்தான் திரும்பினார். கிளேசியர் பேயில் நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலிலேயே ஏறி விளக்கம் சொல்வார்கள். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட பனியாறுகள் இருப்பதால், ஒன்று மறைந்தாலும் மற்றொன்று கிடைக்க வாய்ப்பு உண்டு. என் கருத்தில் முதலிடம் அதற்கே. மாதத்தைப் பொறுத்தவரை, மே, ஜூனில் மழை குறைவு, ஃபியார்டுகளில் பனிக்கட்டி அதிகம். செப்டம்பரில் மழை மிக அதிகம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

பனியாற்றுக்காகவே கூடுதல் பணம் கொடுத்துப் பால்கனி அறை எடுக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்றே சொல்வேன். பால்கனியில் ஒரு பக்கம் மட்டுமே தெரியும்; மேல்தளத்தில் நின்றால் இரு பக்கமும் தெரியும், கப்பல் பாதியில் திரும்பினாலும் அந்தப் பணம் வீணாகாது. மிச்சமாகும் தொகையைப் பைனாகுலருக்கும் மழை தாங்கும் மேலங்கிக்கும் செலவிடலாம். நம் ஊர்க் கம்பளிச் சட்டை குளிரைத் தாங்கும். காற்றோடு வரும் தூறலைத் தாங்காது.

கடைசியாக விசா. இரண்டு பனியாறுகள் உள்ள பயணத்தைப் பிடித்தால் ஒன்று தவறினாலும் மற்றொன்று இருக்கும். கிளேசியர் பே, ஹப்பர்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பயணங்கள் பெரும்பாலும் கனடாவின் வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் சீவர்டு அல்லது விட்டியர் வரை ஒருவழியாகச் செல்பவை. வெளிநாட்டுக் கொடி தாங்கிய கப்பல்கள் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றி நேராக மற்றோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை விதிப்பதே இதற்குக் காரணம். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் கப்பல்களும் இதே சட்டத்துக்காக விக்டோரியா போன்ற கனடியத் துறைமுகம் ஒன்றைத் தொட்டுவிட்டு வருகின்றன. ஆகவே எந்த வழியாகப் போனாலும் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் கனடா விசாவும், மீண்டும் நுழைவதற்கு அனுமதிக்கும் அமெரிக்க விசாவும் வேண்டும். கனடா விசாவை ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே, அமெரிக்க விசா வேலையாகச் சென்னைக்குப் போகும்போதே சேர்த்து முடித்துக்கொண்டால், கைரேகை கொடுப்பதற்கென்று இன்னொரு முறை நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியிருக்காது. அம்பாசமுத்திரத்து அண்ணாச்சியும் வான்கூவர் கப்பலில் போகத்தான் ஆசைப்பட்டாராம். கனடா விசா வந்து சேர்வதற்குள் அதில் இடங்கள் தீர்ந்துவிட்டதால் எங்கள் கப்பலுக்கு வந்திருந்தார்.